கையுறையைக் கழற்றியவர்

பார்த்தால் சைக்கிள் பம்பு என்றுதான் யாரும் நினைப்பார்கள். உங்கள் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் வைத்துவிட்டதால் அதற்கு இப்போது ஒரு கம்பீரம் வந்திருக்கிறது. கைப்பிடியைக் கழற்றிவிட்டால் வெறும் கறுப்புக் குழாய். ஜெர்மானியர்கள் எங்கள் நாட்டைப் பிடித்து வைத்திருந்த வருஷங்களில், பம்பு மாட்டும் இடத்தில் அதை மாட்டிக்கொண்டு ஆர்ஹுஸ் தெருக்களில் எத்தனையோ முறை போயிருக்கிறேன். ஒருமுறை ஒரு ஜெர்மன் சிப்பாய் என்னை நிறுத்தி, டயரில் காற்றில்லை, பம்பு கிடைக்குமா என்று கேட்டான். பழுது என்றேன். நன்றி சொல்லிவிட்டுப் போனான்.

சத்தம் வராத இந்தத் துப்பாக்கி ஆங்கிலேயர்கள் விமானத்திலிருந்து இறக்கியது என்று நமக்குத் தெரியும். துப்பாக்கியில் அது எழுதியிருக்காது. செய்தவர் பெயர் இல்லை, ஊர் பெயர் இல்லை. பிடிபட்டால் யாரும் அதைத் தன்னுடையது என்று சொல்ல வேண்டியதில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

அந்தத் துப்பாக்கியால் சுடப்பட்டவர்கள் யார் யார் என்று கேட்டீர்கள். ஒருவரைப் பற்றித்தான் எனக்குத் தெரியும். விகோ. காட்டிக்கொடுத்தவன் என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். அந்தச் சொல்லை எடுத்துவிடச் சொல்லி அவர் மனைவி கார்லா உங்களிடம் வந்தாளாம். சாட்சி இல்லாமல் எடுக்க முடியாது என்றீர்களாம். நியாயம்தான்.

துறைமுக அலுவலகத்தில் நான் தட்டச்சு செய்தேன். என் தம்பி ஐகிலும் விகோவும் பக்கத்துப் பக்கத்து மேசை. அந்தக் குளிர்காலத்தில் ஜெர்மானியரை எதிர்த்து ரகசியமாக வேலை செய்த எங்கள் குழுவின் ஆட்கள் இருவர் அவர்களிடம் பிடிபட்டுச் சுடப்பட்டார்கள். குழுவை நடத்திய இங்வர் என்னிடம் வந்தான்.

"உங்க ஆபீஸ்ல எவனோ வாயைத் திறக்கறான், ருத். யாருன்னு பாத்துச் சொல்லு."

தேட வேண்டியிருக்கவில்லை. ஐகில் எங்கள் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே, நான் கேட்காமலேயே சொன்னான்.

"ஜெர்மன்காரங்ககிட்ட ரெண்டு பேரைத்தான் சொன்னேன்க்கா. அடிச்சு விட்டுருவாங்கன்னு நினைச்சேன். திருட்டுப் புகையிலையோட புடிச்சு வச்சுக்கிட்டு மிரட்டினாங்க, நான் என்ன பண்ண? நம்மாளுங்க என்னைக் கொன்னுருவாங்களா?"

"தோலைத் தடிமனா சீவாதே. இருக்கறதே கொஞ்சம்," என்றேன்.

அவனுக்கு இருபத்திரண்டு வயது. அப்பா அம்மா இல்லாமல் நான் வளர்த்த பிள்ளை. யோசித்துப் பார்த்தேன். இங்வருக்கு ஒரு பெயர் வேண்டும். பெயர் கிடைக்காவிட்டால் தானே தேடுவான். விகோ நன்றாக ஜெர்மன் பேசுவார். எல்லோரிடமும் சிரித்துப் பேசுவார், சிப்பாய்களிடமும்தான். ஐகில் பார்த்த காகிதங்களையெல்லாம் அவரும் பார்த்திருப்பார். அவர்மீது எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் வன்மத்தோடு செய்யவில்லை.

ஒருவர் சொன்னால் போதாது, இருவர் சொல்ல வேண்டும் என்பது எங்கள் விதி. நாங்கள் கொலைகாரர்கள் இல்லையே. ஒன்று நான் சொன்னேன். இன்னொன்று ஐகில். என்ன சொல்ல வேண்டும் என்று நான்தான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

இங்வருக்கு விகோவின் முகம் தெரியாது. அதற்கு ஒரு முறை வைத்திருந்தோம். நான் யாருக்குக் கை கொடுக்கிறேனோ அவர்தான் ஆள். வேலை முடிந்து எல்லோரும் வாசலில் சைக்கிளை எடுக்கும் நேரம், குழாயை இங்வரிடம் கொடுத்துவிட்டு வந்து விகோவிடம் கையை நீட்டினேன்.

"என்ன ருத், புதுசா கையெல்லாம் குடுக்கறே? காலையிலேர்ந்து என் மூஞ்சியைத்தானே பாத்துக்கிட்டிருந்தே? வேலையை விட்டுட்டியா, இல்ல கல்யாணமா?"

"சும்மாதான்."

"சும்மா கை குடுக்கற பொம்பளையை இன்னைக்குத்தான் பாக்கறேன். இரு, இரு."

கையுறையோடு கை கொடுப்பது மரியாதை இல்லையே. பல்லால் விரல் நுனியைக் கடித்து இழுத்துக் கழற்றினார். கை கதகதப்பாக இருந்தது. நான் திரும்பிக் கொஞ்ச தூரம் நடந்திருப்பேன். தடித்த புத்தகம் ஒன்று தரையில் விழுந்த மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். அந்தத் துப்பாக்கியைச் செய்தவர்கள் கெட்டிக்காரர்கள்.

அதன் பிறகு ஐகில் பயந்துபோய் வாயே திறக்கவில்லை. கைதுகளும் நின்றுவிட்டன. "பாத்தியா, சரியான ஆளைத்தான் காட்டினே," என்றான் இங்வர். ஒருவகையில் அவன் சொன்னது சரிதான். விகோ இறந்ததால் பலர் பிழைத்தார்கள். இதை நீங்கள் மறுக்க முடியாது.

கார்லாவுக்குத்தான் கஷ்டம். விடுதலை வந்த வாரம் அவள் கதவில் தார் பூசினார்கள். பால்காரன் அவளைக் கண்டால் பாத்திரத்தை மூடினான். சொந்தத் தங்கையே தெருவில் எதிர்ப்பக்கம் போய்விடுகிறாள். பன்னிரண்டு வருஷமாக அந்த வீட்டுக்குப் போகிறவள் நான் ஒருத்திதான். ஞாயிறு தவறாமல் போவேன். விகோ அப்படிச் செய்திருக்க மாட்டார் என்று ஒவ்வொரு தடவையும் சொல்வாள். நான் மறுத்ததே இல்லை.

ஐகில் போன மாதம் இறந்தான். நெஞ்சுவலி. எதிர்ப்பு இயக்கக்காரன் என்று கொடி போர்த்தித்தான் புதைத்தார்கள். இனி அவனுக்கு ஒன்றும் ஆகாது. அதனால்தான் சொன்னேன்.

ஆகவே அந்தச் சொல்லை அடித்துவிடுங்கள். விகோ யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை, நான்தான் அவரைக் காட்டிக்கொடுத்தேன் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கார்லாவுக்கு மட்டும் இப்போது தெரிய வேண்டாம். என்னைப் பற்றி அல்ல, அவளைப் பற்றித்தான் யோசிக்கிறேன். இந்த ஊரில் அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?