செவலையின் வலது பக்கம்

"ஹலோ... ஹலோ, பேக்கரிக்கார அண்ணாதானே?... இல்லண்ணா, கொழுந்தன் இல்ல. போன் அவரோடதுதான், பேசறது நான். குதிரைக்காரர் சம்சாரம்... ஆமா, ஆமா... கொழுந்தன் குளிக்கப் போயிருக்கார். அதுக்குள்ள சொல்லிடறேன்."

கணவன் இறந்த பிறகு இன்றுதான் அவள் லாயத்துப் பக்கம் வந்திருந்தாள். மட்டக்குதிரை நின்றது. கிழட்டு அரபுக் குதிரை நின்றது. கடைசித் தடுப்பு காலியாகக் கிடந்தது.

"நேத்து நீங்க வாங்கிட்டுப் போன செவலைக் குதிரை எங்க நிக்குது?... வீட்டுக்குப் பின்னாலயா? உங்க பாப்பா ஏறிட்டாளா?... சேணம் இன்னும் போடலையா, சரி, சரி... அதுகிட்ட யாரையும் விடாதீங்கண்ணா... விலை ஏத்தறதுக்கு இல்ல... ஐயோ, வேற யாரும் கேட்டு வரல. என்னைக் கொஞ்சம் பேச விடுங்க!"

குளியலறையில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"நீங்க கேட்டு வந்தது மட்டக்குதிரைதானே?... அது நொண்டுதுன்னு கொழுந்தன் சொன்னாரா? இந்தா, என் கண்ணு முன்னால கல்லு மாதிரி நிக்குது. செவலையைத் தள்ளிவிடத்தான் அந்தப் பேச்சு... சாதுதான், நான் இல்லேங்கல. இடது பக்கம் போனா பச்சைக் குழந்தை. வலது கண்ணு அதுக்குத் தெரியாதுண்ணா. அந்தப் பக்கமா திடீர்னு யார் போனாலும் உதைச்சிடும்... நல்லாப் பார்த்தீங்களா? எங்க பார்த்தீங்க? பல்லைக் காட்டினார், காலைத் தூக்கிக் காட்டினார், நடத்திக் காட்டினார். அப்ப எல்லாம் கொழுந்தன் எந்தப் பக்கம் நின்னார்?... வலது பக்கம், கழுத்துல கையைப் போட்டுக்கிட்டு, ஆமா... நீங்க சுத்தி வந்தப்ப குதிரையைத் திருப்பிட்டார், இல்லையா?... ஒரு தடவையாவது அந்த இடத்தை விட்டு நகர்ந்தாராண்ணா?"

அவள் குளியலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"எங்க வீட்டுக்காரர் செத்தது நெஞ்சுவலியால இல்லண்ணா. நெஞ்சுல உதை... ஆளைக் கொன்ன குதிரையை எவன் வாங்குவான்னு கொழுந்தன்தான் நெஞ்சுவலின்னு சொல்லிட்டார். எனக்கு அப்ப வாய் எழும்பல... தெரியாம என்ன, கண்ணு போனது எங்க வீட்டுக்காரருக்குத் தெரியும். வலது பக்கம் போனா பேசிக்கிட்டேதான் போவார். 'வரேன்டி ராசாத்தி, இதோ வரேன்டி'ன்னு. என்கிட்ட அவ்வளவு பேசினதில்ல மனுஷன். அன்னிக்குத் தொண்டை கட்டிக் குரலே வரல. வாளியைத் தூக்கிட்டுச் சும்மா போயிட்டார்...

"அண்ணா, அது பாப்பா சத்தமா? எங்க நிக்கறா?... வாலைச் சீவறாளா? கத்தாதீங்க. ஓடாதீங்க. குதிரைகிட்ட பேசிக்கிட்டே போங்க... எதையாவது பேசுங்க, பாட்டாவது பாடுங்க. போங்கண்ணா!"

போனைக் கீழே வைக்கும் சத்தம் வந்தது. பேக்கரிக்காரர் நடுங்கும் குரலில் முனகிய பாட்டு தேய்ந்துகொண்டே போயிற்று. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. அவள் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஹலோ?... அண்ணா?... பாப்பாவைத் தூக்கிட்டீங்களா?... உள்ள விட்டுக் கதவைச் சாத்தியாச்சா? அப்பாடா... அழட்டும் விடுங்க. அழறதுக்கு ஆள் இருக்கே, அது போதும்.

"கேளுங்கண்ணா. மத்தியானம் நானே வண்டியோட வந்து செவலையை ஏத்திக்கறேன். பதிலுக்கு மட்டக்குதிரையை வெச்சுக்கங்க... கொழுந்தனை நான் பார்த்துக்கறேன்... எங்க லாயத்துச் சங்காத்தமே வேண்டாமா? சரி, நியாயம்தான். அப்ப செவலையை என்ன பண்ணுவீங்க?... சந்தைக்கா? இந்த வாரமேவா?"

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"அண்ணா, கண்ணு தெரியாதுன்னு சொல்லித்தானே விப்பீங்க?... உங்களுக்கு நஷ்டம்தான், சரிண்ணா, ஆனா வாங்கறவங்க வீட்டுலயும் ஒரு பாப்பா... ஏன் பேச மாட்டேங்கறீங்க?... சந்தையில அதுக்கு எந்தப் பக்கம் நிப்பீங்க நீங்க?... ஹலோ?"

பேக்கரிக்காரர் போனை வைத்துவிட்டார்.