தண்ணிப் பந்தலுக்கு முந்தின சந்தி

— சும்மா சொல்லாத நிஷாந்தினி. பொறந்து வளந்த தோட்டத்துல யாருக்காச்சும் வழி தவறுமா?

— தவறிருச்சும்மா. பேசிக்கிட்டே சைக்கிள் ஓட்டுனதுல எந்தச் சந்தியில திரும்புனோம்னு தெரியல.

— அந்த ரோட்டுலதான பதினோரு வருசம் பள்ளிக்கூடம் போன?

— இப்ப எல்லாம் மாறிப்போச்சு. புதுசா ரோடு போட்டிருக்காங்க.

— யாரு போட்டா? எலெக்சனுக்கு எலெக்சன் ரெண்டு லோடு கல்லக் கொட்டுறானுக, அதுக்குப் பேரு ரோடா? சரி, கண்ணுக்கு என்னா தெரியுது சொல்லு. நான் வழி சொல்றேன்.

— தேயில தெரியுது.

— ஹுன்னஸ்கிரியாவுல தேயில தெரியாம கடலா தெரியும்? கோயிலு தெரியுதா?

— இல்ல.

— பழைய ஸ்டோரு? மூடிப்போட்ட தேயில ஸ்டோரு, தகரமெல்லாம் பிஞ்சி கெடக்குமே?

— அதுவும் தெரியல. வைங்கம்மா, நான் பாத்துக்கிறேன்.

— வச்சிறாத. மத்த ஆளுக எல்லாம் பந்தலுக்கு வந்து தண்ணி குடிச்சிட்டுப் போயிட்டாங்களாம். நாப்பது சைக்கிள்னு சொன்னாங்க, ரெண்டு கொறையுதேன்னு கங்காணி எல்லாரையும் கேட்டுக்கிட்டு இருந்தாராம்.

— அந்த ரெண்டுல ஒன்னு நான். இன்னொன்னு கூட வேல செய்ற ரிஷிகேசன். நாங்க வர மாட்டோம்னு சொல்லிருங்க.

— யாழ்ப்பாணத்துத் தம்பின்னு சொல்லுவியே, அவரா?

— ஆமா.

— ஏன் வர மாட்டீங்க? நம்ம லயத்து வீடுகளுக்குக் கக்கூசு கட்டக் காசு சேக்கத்தான கொழும்புலருந்து மட்டக்களப்பு வரைக்கும் மிதிக்கிறீங்க? இந்தத் தோட்டத்துப் பேர நீதான எழுதிக் குடுத்ததா சொன்ன?

— பேர எழுதிக் குடுத்தேன். எங்க தோட்டம்னு எழுதல. ஆபிசுல எல்லாருக்கும் நான் கண்டிப் பக்கத்து அம்பிட்டிய. வாடகைக்கு ரூம் எடுத்திருக்கிற ஊரையே சொந்த ஊருன்னு சொல்லி வச்சிருக்கேன். நாலு வருசமா.

— அது தெரியும்.

— தெரியுமா? எப்படி?

— போன வருசம் ஒனக்குக் காய்ச்சல்னு மூணு நாளா போன எடுக்காம இருந்த பாரு, அப்ப ஆபிசுக்குப் போன் எடுத்தேன். ஒரு மிஸ் பேசுனாங்க. அவங்க வீடு அம்பிட்டியதான, அங்க அவங்கம்மா பாத்துக்குவாங்க, நீங்க யாருன்னு கேட்டாங்க.

— நீங்க என்ன சொன்னீங்க?

— சரிங்க மிஸ்னு வச்சிட்டேன்.

— என்ட்ட ஒரு வார்த்தை கேக்கலையேம்மா.

— கேட்டு என்னா செய்ய. காய்ச்சல் விட்டுருச்சான்னு மட்டும் கேட்டேன்ல.

— போன வாரம் மீட்டிங்ல புரோகிராம் வாசிச்சாங்க. தோட்டத்து அம்மாமாருங்க ரோட்டோரத்துல வரிசையா நின்னு எல்லாருக்கும் பொட்டு வச்சு மாலை போடுவாங்களாம். கைதட்டுனாங்க. நானும் தட்டினேன். கக்கூசுக்கு மாலை! மழையில நனைஞ்சிக்கிட்டு காட்டுக்கு ஒதுங்குன நீங்க, அதுக்காக எவன் கழுத்துலயோ மாலை போடணுமா? எவன் எழுதுன சட்டம் இது? நீங்க குனிஞ்சி குனிஞ்சி சேர், சேர்னு சொல்றத என்னால பாக்க முடியாது.

— மாலையப் பாக்க முடியாதா, என்னயப் பாக்க முடியாதா?

— ஒங்களத்தான்.

— ம்.

— ஒங்க செருப்பில்லாத கால. கொழுந்தெடுக்க இடுப்புல கட்டியிருக்கிற படங்குச் சாக்கு. அவரு அதப் பாத்துட்டு அப்புறம் திரும்பி என்னயப் பாக்குறத. போதுமா? கம்பஸ்ல படிச்சு டிகிரி முடிச்சு வந்த புத்தி இவ்வளவுதான். சந்தியில மஞ்சள் அம்புக்குறி மேல காட்டிச்சு. அவரு மேலதான்னு சொன்னாரு. எனக்கு இந்தப் பக்கம் நல்லாத் தெரியும், கீழதான்னு சொல்லி நான்தான் எறக்கிக் கூட்டிட்டு வந்தேன். வழி தவறலம்மா.

— சரி. அழுவாத. மூச்சு வாங்குது ஒனக்கு.

— இருங்கம்மா, கீழ வழி கேக்கப் போன ரிஷி வர்றாரு.

— நிஷாந்தினி, கீழை போய் ஒரு ஐயாவைக் கேட்டனான். இந்த ரோட்டு அந்த உடைஞ்ச ஸ்டோரோடை முடியுதாம். திரும்பி ஏறத்தான் வேணும். எங்கட ஊரிலை ஏத்தமெண்டா வாய்க்கால் மதகுதான், என்ரை முழங்கால் ரெண்டும் இப்பவே அழுகுது. என்ன, உமக்கும் கண் சிவந்து கிடக்கு?

— தூசி. நம்மள யாரும் தேடுனாங்களா, ரிஷி?

— தேடாமல்? ஓட்டப் பொறுப்பாளர் போன் எடுத்து நல்லாய் ஏசினவர். நான் சொன்னன், பயப்பிடாதேங்கோ, கண்டிப் பிள்ளையோடைதான் நிக்கிறன், அவவுக்கு இந்த மலையெல்லாம் உள்ளங்கையெண்டு. யார் போனிலை?

— தெரிஞ்ச ஒருத்தங்க. இந்தப் பக்கத்து ஆள்.

— பிறகென்ன, ஸ்பீக்கரிலை போட்டுத் தாரும் இங்கை. அம்மா, வணக்கம். நாங்கள் சைக்கிள் ஓட்டம் வந்த ஆக்கள். வழி தவறி ஒரு சின்னப் பாலத்தடியிலை நிக்கிறம்.

— வணக்கம் சேர்.

— ஐயோ, சேர் எண்டு சொல்லாதேங்கோ, இருபத்தேழு வயசுதான். தண்ணிப் பந்தலுக்கு எப்பிடி வாறது? எங்களுக்காக ஆக்கள் காலமையிலை இருந்து காத்துக்கொண்டு நிக்கினமாம். போகாட்டி மரியாதையில்லை.

— பந்தல பிரிச்சாச்சு தம்பி. அந்தப் பக்கம் போக வேணாம். ஸ்டோருக்குப் பின்னால வெறகுக்குப் போற ஒத்தையடிப் பாதை இருக்கு. சைக்கிளத் தள்ளிக்கிட்டே ஏறுனா இருவது நிமிசத்துல மெயின் ரோடு. லயத்துப் பக்கமே வராது.

— பெரிய உதவி. நீங்கள் நிஷாந்தினிக்கு என்ன முறை?

— மொறையெல்லாம் இல்லைங்க. எங்க தோட்டத்துக்கு எழுதிக் குடுத்த மிஸ்ஸுன்னு தெரியும். அவங்களத் தண்ணி குடிச்சிட்டு ஏறச் சொல்லுங்க தம்பி. உச்சி வெயிலு பட்டா மூக்குல ரத்தம் வந்துரும் அவங்களுக்கு.

— அது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?

— வெயில்ல மலையேறுனா யாருக்கும் வர்றதுதான. போனக் கொஞ்சம் மிஸ்கிட்ட குடுங்க.

— இந்தாரும் நிஷாந்தினி. அருமையான மனுசி. நீர் கதைச்சு முடியும். நான் அந்த வளைவிலை நிண்டு பின் டயருக்குக் காத்தடிக்கிறன்.

— அம்மா.

— சொல்லுங்க மிஸ்.

— அவரு அங்கிட்டுப் போயிட்டாரு. அப்படிக் கூப்பிடாதீங்க.

— கேக்குமோன்னுதான்.

— அந்தப் பாதையில நான் ஏற மாட்டேன். நீங்க எனக்காக வெறகு சொமந்த பாதை, அதுல ஒளிஞ்சிக்கிட்டுப் போகச் சொல்றீங்களா? இப்பவே அவரக் கூட்டிக்கிட்டு மேல வர்றேன். எல்லாரும் பாக்க ஒங்க பக்கத்துல நின்னு, இதுதான் எங்கம்மா சுப்பம்மா, இதுதான் நான் பொறந்த லயம்னு சொல்றேன். அப்புறம் அவரு என்ன நெனச்சா எனக்கென்ன. பந்தல பிரிச்சிருந்தாலும் நீங்க அங்கயே நில்லுங்க.

— வராத. நான் பந்தல்ல இல்ல.

— வீட்டுக்குப் போயிட்டீங்களா?

— பந்தலுக்குப் போகவே இல்ல புள்ள. கங்காணிக்கிட்ட கெஞ்சிக் கேட்டு விடிஞ்சதுமே எதிர்மலைக்கிக் கொழுந்தெடுக்க வந்துட்டேன். நாப்பது பேருக்கு முன்னால என்னயத் தெரியாத மாதிரி நீ நிக்க வேணாம்னுதான். பாத்தா, எனக்கு நேர் கீழ அந்தப் பாலத்துல நீயே வந்து உக்காந்திருக்க. காலப் புடிச்சிக்கிட்டு உக்காந்தியா, சுளுக்கோன்னு பயந்துதான் ஒனக்குப் போன் எடுத்தேன்.

— மேலயா இருக்கீங்க? எந்தப் பக்கம்மா?

— நிமிந்து பாக்காத. அந்தத் தம்பியும் பாப்பாரு.