தங்கைக்குத் தைத்த பிளவுஸ்கள்

தினமும் போட்டுக்கொள்கிற பிளவுஸுக்கு மடிப்பு முன்பக்கம்தான் வர வேண்டும் ஐயா. தோளில் வைத்தால் பை மாட்டும்போது நசுங்கிவிடும். என் தங்கை பஸ்ஸில் வேலைக்குப் போகிறவள். அதனால் கழுத்துக்குக் கீழே விசிறி மாதிரி விரியவிட்டேன். நீலத்தில் ஒன்று, பச்சையில் ஒன்று, மஞ்சளில் ஒன்று. போட்டுப் பார்த்தவள் கூடமெல்லாம் தட்டாமாலை சுற்றினாள். எனக்கும் தலைகால் புரியவில்லை, கூடவே சுற்றினேன்.

"நீயும் ஒண்ணு தச்சுக்கோக்கா," என்றாள். "ஆனா உன் அளவுக்குக் கடையில துணி இருக்கணுமே."

என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். கல்யாணமாகி நான் சொன்ன எதற்கும் அவர் அப்படிச் சிரித்ததில்லை. நானும் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன்.

அந்த வாரம் துவைத்து இஸ்திரி போடும்போது, ஒவ்வொரு மடிப்பையும் நூலளவு உள்ளே பிடித்துத் தைத்தேன். மடிப்பில் அது ஒரு சௌகரியம், பிடித்தது வெளியே தெரியாது. பாவாடை இடுப்பையும் விட்டுவைக்கவில்லை.

"அக்கா, மூச்சு முட்டுது. நான் பெருத்துட்டேனா?"

"லேசா பூசினாப்ல இருக்கடி. அழகாத்தான் இருக்கு."

அன்றைக்குத் தட்டைத் தள்ளி வைத்தாள். பிறகு காலைச் சாப்பாட்டை விட்டாள், பிறகு மதியத்தையும். நான் ஊட்டிவிடக்கூடப் போனேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவள் இளைக்க இளைக்க நானும் விடாமல் பிடித்துக்கொண்டே வந்தேன். அக்காவும் தங்கையும் ஓடிப்பிடித்து விளையாடுவது போலிருந்தது. மிஷினை மிதிக்க உட்கார்ந்தால் பாட்டு தானாக வாயில் வரும்.

"டாக்டர்கிட்ட காட்டலாமா?" என்றார் வீட்டுக்காரர். சிரிப்பெல்லாம் போய்விட்டிருந்தது.

"வயசுப் பொண்ணுங்க. டயட்டுல இருக்கா, விடுங்க."

பஸ் ஸ்டாப்பில் விழுந்தவள் எழுந்திருக்கவில்லை. இதயம் பலவீனமாகிவிட்டதாம். மஞ்சள் பிளவுஸை ஆஸ்பத்திரியில் கத்தரித்துத்தான் எடுத்தார்கள். மடிப்புக்குள் வரி வரியாகத் தையல் ஓடியிருப்பதைப் பார்த்து நர்ஸ் உங்களிடம் கொடுத்தாளே, அதுதான்.

ஆமாம், அத்தனை தையலும் நான் போட்டதுதான். பட்டினி கிடக்கிறாள் என்று தெரிந்தேதான் போட்டேன். ஆனால் அவளைக் கவனிக்கவில்லை என்று மட்டும் யாரும் சொல்லக் கூடாது ஐயா. எலும்பும் தோலுமாக ஆன பிறகும், நான் தைத்த பிளவுஸ் ஒரு நாள்கூட அவள் மேல் தொளதொளவென்று நின்றதில்லை.