தொட்டிக்கு ஊட்டிய கிரீம்

காற்றோட்டத்துக்காகக் கதவைத் திறந்து வைப்பது நல்ல பழக்கம்தான், மேடம். ஆனால் மேனேஜர் அன்று திறந்து வைத்திருக்கக் கூடாது. எரிவாயுத் தொட்டியில் பொங்கிய நுரை நேரே அவர் அறைக்குள் போய் நாற்காலிக் கால்களைக் கட்டிக்கொண்டது. அதைப் பொங்க வைத்தவன் நான். மூடி மறைக்க ஒன்றுமில்லை. தொட்டியின் மூடியே பிய்த்துக்கொண்டு போய்விட்டது.

விசாரிக்க வந்த நீங்கள் இந்தப் பால் பண்ணைக்குப் புதியவர் என்பதால் முதலிலிருந்தே சொல்கிறேன். கழிவுநீரின் அடியில் தங்கும் கொழகொழச் சேற்றைத் தொட்டிக்குள் விட்டால், உள்ளே இருக்கும் நுண்ணுயிர்கள் அதைத் தின்று எரிவாயு தரும். எங்கள் பாய்லர் அதில்தான் எரிகிறது. ஆனால் சேற்றில் கொழுப்பு கட்டி கட்டியாகக் கிடக்கும். பல் முளைக்காத பிள்ளையிடம் கரும்பைக் கொடுத்தால் என்ன செய்யும்? அதனால் சேற்றை நீராவியில் குழைய வேகவைத்து, ஆறவிட்டு, பிறகு ஊட்டலாம் என்றேன். சிரித்தார்கள். 'சேத்துச் சமையக்காரர்' என்று பட்டப்பெயரும் வைத்தார்கள்.

வேகவைத்து ஊட்டிப் பார்த்தேன், வாயு கூடியது. சிரிப்பு நின்றது. மேனேஜர் மட்டும், "இவ்ளோதானா? வேகவைக்கிற செலவுக்கே காணாதேய்யா. இன்னும் ஏத்துங்க, இல்லேன்னா பழையபடியே விட்டுடலாம்" என்றார்.

பெற்ற வயிறு பற்றி எரியாதா? மறுநாள் காலையில் கிரீம் அறைப்பக்கம் போனேன். ஒரு கேன்தான் எடுத்தேன். விற்பனைக்குப் போகவிருந்த நல்ல கிரீம். வெந்த சேற்றில் கலந்து ஊட்டினேன். வாயு துள்ளியது. சில நாளில் சுணங்கியது. பசிபோலும் என்று இன்னொரு கேன் சேர்த்தேன். மேலும் சுணங்கியது. பிள்ளை இளைத்தால் எந்தத் தகப்பன் சாப்பாட்டைக் குறைப்பான்? நான் கூட்டினேன்.

கிரீம் அறைக்குப் பொறுப்பு என் மனைவியின் தம்பி. கேன்கள் காணாமல் போவதைக் கண்டுபிடித்து, திருடன் என்று அவனை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். தங்கமான பையன். வீட்டில் முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான். எனக்கு மனசு கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொன்னேன்.

"ஒத்துக்கோ மாப்ள. உண்மைய சொன்னா மன்னிச்சிடுவாங்க."

"நான் எடுக்கவே இல்லையே மாமா. எதை ஒத்துக்கறது?"

"அதான் உன்கிட்ட பிரச்சினை. வீண் பிடிவாதம்."

என் மனைவி கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். "அவனே நொந்துபோய் இருக்கான், நீங்க வேற உபதேசம் பண்ணிக்கிட்டு. தம்பி, மாமா தட்டுல இருக்கறதையும் நீயே சாப்பிடு."

சாப்பிட்டான். நான் பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்தேன். மன்னிப்புக் கடிதம் எழுதித் தரவும் முன்வந்தேன், அவன் பெயரில்தான்.

அதன் பிறகுதான் நுரை. அதில் வெண்ணெய் வாசம் வீசியதால் உங்களை வரவழைத்தார்கள். வேகவைக்கும் கொப்பரைக்குப் பின்னால் காலிக் கேன்களை நீங்கள் பார்த்துவிட்டது, என் மனசாட்சி விழிப்பதை ஓரளவு விரைவுபடுத்தியது என்பதையும் மறைக்கவில்லை.

இனி நான் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. கிரீம் ஊற்றாமல் இருந்திருந்தால் என் முறை தோற்றுத்தானே போயிருக்கும்? மேனேஜரைக் கேட்டேன், கூரையைப் பார்த்தார். ஆய்வுக்கூடத்தில் கேட்டேன், "பாக்கணும்" என்றார்கள். நடந்ததையெல்லாம் சொல்லி மனைவியைக் கேட்டேன்; பாத்திரத்தை நங்கென்று வைத்தாள். அதுபோக, நாளைக்குத் தொட்டிக்கு யார் ஊட்டுவது என்பதும் எனக்குக் கவலையாக இருக்கிறது. நீங்களாவது சொல்லுங்கள், மேடம்.

நீங்கள் பேனாவை மூடினீர்கள்.

"வேகவெச்சதே போதும். வேற எதுவுமே தேவைப்பட்டிருக்காது. கொழுப்பக் கொட்டிக் கொட்டி அந்த நுண்ணுயிருங்களக் கொன்னது நீங்கதான். உங்க மச்சினர் நாளைக்கு வேலைக்கு வரலாம். நீங்க வர வேண்டாம்."