துண்டு பிடிக்கிறவ

அய்யோ, அந்தக் கதவைத் தொறக்காதீங்க தம்பி. பாப்பா அந்த பெஞ்சுல தூங்குது, பாருங்க. அந்தக் கதவு போடுற சத்தத்துக்கு அது எழுந்துடுச்சுன்னா, அப்புறம் படம் எடுக்க நீங்க கொண்டாந்த விளக்கும் நிக்காது, கேமராவும் நிக்காது. உட்காருங்க. ஞானஸ்நானத் தொட்டி எங்கயும் ஓடிப் போயிடாது. பாட்டுக்காரங்க நிக்கிற மேடைக்குப் பின்னாடி திரை தொங்குதுல்ல, அதுக்குப் பின்னாடிதான் இருக்கு. நீங்க பொறக்கறதுக்கு முன்னாடியிலேருந்து அங்கதான் இருக்கு.

இந்தாங்க, வாழைப்பழ புட்டிங். லின்னெட் அக்கா செஞ்சு அனுப்பினாங்க. ஆமா, எலெக்‌ஷன்ல நிக்கிற உங்க கிராண்ட் ஹோல்கம் சம்சாரம்தான். நல்ல மனுஷி. இதுல ஒரு குறையும் சொல்ல முடியாது, சாப்பிட்டுப் பாருங்க.

அதுவா? அது தண்ணி ஓடுற சத்தம். பழைய குழாய், அப்படித்தான் முனகும்.

என் தலையா? ஈரந்தான். சொல்றேன் இருங்க. முதல்ல சாப்பிடுங்க.

உங்களுக்கு ஆச்சரியமா இருக்கும், என்னடா இவ இவ்வளவு பேசறான்னு. புதன்கிழமை நீங்க வந்து அதோ அந்த நாற்காலியில உட்கார்ந்து, நாளைக்கு ஆராதனையில கிராண்டோட பிரசாரப் படத்தை எப்படி எடுக்கிறதுன்னு திட்டம் போட்டீங்களே, அன்னிக்கு நான் ஒரு வார்த்தை பேசல. ஷெல்பி, உனக்கு இது சரிதானேன்னு கேட்டீங்க. தலையை ஆட்டினேன். எனக்கு எப்பவும் அப்படித்தான், நாலு பேரு இருந்தா நாக்கு மேல ஒட்டிக்கும். பள்ளிக்கூடத்துல வாசிக்கச் சொல்வாங்கன்னு பயந்தே பாதியில நின்னவ நான். கோழி கம்பெனியில சேர்ந்தேன், அங்க மெஷின் சத்தத்துல யாரும் யாரையும் பேசச் சொல்ல மாட்டாங்க. நிம்மதி.

அதனாலதான் இந்த முழுக்கு ஞானஸ்நானமும் தள்ளிக்கிட்டே போச்சு. எல்லாரும் பார்க்க வெள்ளை அங்கி போட்டுக்கிட்டு தொட்டியில இறங்கணும், ஏசுவை நம்புறேன்னு வாய் திறந்து சொல்லணும், பாஸ்டர் வெண்டெல் தண்ணிக்குள்ள அமுக்கித் தூக்குவாரு. கம்பெனியில என்கூட வேலை பார்க்கிற மரிபெல்தான் சொன்னா, அடி ஊமைக்கொட்டானே, ஒரே ஒரு வார்த்தை, ஆமான்னு சொல்லு போதும், மிச்சத்தை நான் மேலேருந்து முறைச்சே சொல்ல வைக்கிறேன்னு. அவ அப்படித்தான் பேசுவா.

அவ துண்டு பிடிக்கிறதா இருந்தது, தெரியும்ல உங்களுக்கு? தெரியாதா? அப்போ புதன்கிழமை என்னன்னு தெரியாமலே வேண்டாம்னுட்டீங்க.

எங்க லாரல் கிரீக் சபையில ஒரு வழக்கம் உண்டு. உங்களை ஏசுகிட்ட யாரு கூட்டிட்டு வந்தாங்களோ, அவங்கதான் படி மேல துண்டு வச்சுக்கிட்டு நிக்கணும். நீங்க தண்ணியிலேருந்து எழுந்து வர்றப்போ முதல்ல தொடுற கை அவங்களோடதா இருக்கணும். அம்மா பிடிப்பாங்க, அண்ணன் பிடிப்பான். ஒரு தடவை ஜெயில்லேருந்து வந்த ஒருத்தருக்கு அவரைக் கைது பண்ணின போலீஸ்காரரே துண்டு பிடிச்சாரு. நம்புங்க, இந்தச் சபை முழுக்க அழுதுச்சு. இங்க பெரிய பதவியே அதுதான் தம்பி. துண்டு பிடிக்கிறது.

எனக்குன்னு யாரு இருந்தா? எங்கம்மா சபை வாசலை மிதிச்சவ இல்ல. போன குளிர்காலத்துல பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்து மூச்சு இழுத்துச்சு, ஆஸ்பத்திரியில போட்டோம். சபையில எல்லாரும் ஃபோன்ல கும்பிடுற கை அனுப்பினாங்க. குறை சொல்லல, சாப்பாடும் கொண்டாந்து வச்சாங்க, லின்னெட் அக்காவும்தான். ஆனா கம்பெனியில என் பக்கத்துல நின்னு கோழி வெட்டுற மரிபெல், வேலை முடிஞ்ச கையோட அந்த ரப்பர் பூட்ஸோட வந்து தரையில மண்டி போட்டுட்டா. நர்ஸ் எழுந்திரும்மாங்கிறா, இவ எழுந்திருக்கல. அவ ஊரு ஹோண்டுராஸ், அவ பாஷையில ஜெபம் பண்றா. எனக்கு ஒரு வார்த்தை புரியல. என் பொண்ணு பேரு மட்டும் திரும்பத் திரும்ப வருது. அன்னிக்குத்தான் எனக்குள்ள என்னமோ உடைஞ்சுச்சு. கடவுள்கிட்ட ஒருத்தி இப்படி உரிமையா சண்டை போட முடியுமான்னு.

அந்த மரிபெல்லைத்தான் நீங்க வேண்டாம்னீங்க. கோபமாச் சொல்லல, நல்ல விதமாத்தான் சொன்னீங்க. ஷெல்பி முதல்ல இறங்கட்டும், இளம் தாய், நம்ம ஊரு பொண்ணு, படம் பார்க்கிறவங்களுக்குப் பிடிக்கும். அடுத்தது கிராண்ட் இறங்கட்டும். துண்டு மட்டும் லின்னெட் பிடிக்கட்டும், அந்தம்மா பிடிச்சா பார்க்கிறவங்க குழம்பிடுவாங்கன்னு. அந்தம்மான்னீங்க, பேரைக்கூடக் கேட்கல. சபையை நடத்துற மூப்பருங்க மூணு பேரும் சரி சரின்னாங்க. பாஸ்டர் ஜன்னலைப் பார்த்தாரு. நானும் தலையை ஆட்டினேன். வீட்டுக்குப் போற வழியெல்லாம் என் தலையை நானே போட்டு அடிச்சுக்கிட்டேன்.

எதுக்கு எழுந்திருக்கீங்க? காபி ஊத்தறேன், இருங்க. வெளிச்சம் எங்கயும் போகாது.

என்னை அந்தக் கட்சிக்காரின்னு நினைச்சுடாதீங்க. எங்க வீட்ல யாரும் உங்க கட்சியைத் தவிர வேற எதுக்கும் ஓட்டுப் போட்டதே இல்ல. நானே இந்தப் பாப்பாவைக் கலைச்சுடுன்னு சொன்னவங்க பேச்சைக் கேட்காம பெத்தவ. கருவைக் கலைக்கக் கூடாதுன்னு உங்க கட்சிக்காரங்க யாரும் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். அதனாலதான் எரிச்சலா வருது. வேத்தாள் பண்ணினா போறான்னு விட்டுடலாம். நம்மாளுங்கல்ல பண்றாங்க.

என் வீட்டுக்காரரு டிராவிஸோட மாமா ராய்ஸைப் பார்த்திருப்பீங்க, பெரிய லாரி, பின்னாடி சிலுவை படம், முன்னாடி உங்க போர்டு. கிறிஸ்தவங்க ஒண்ணு சேரணும்னு. அந்த மனுஷன் சபைக்கு வந்து நான் பார்த்ததே இல்ல, சாவுக்கு வந்ததைத் தவிர. போன மாசம் எங்க வீட்டுக்கு வந்து சாப்பிட்டுக்கிட்டே சொல்றாரு, வெளிநாட்டுக்காரங்க வர்ற சபைக்கு நான் எப்படி வர்றதுன்னு. டிராவிஸ் சிரிச்சுக்கிட்டே கேட்டாரு, அவங்க வர்றதுக்கு முன்னாடி உங்களுக்கு என்ன மாமா தடைன்னு. அதுக்கு அவரு, டேய், நான் பொறப்பால கிறிஸ்தவன்டா, எனக்குச் சபை எதுக்குங்கிறாரு. பொறப்பால! நம்ம சபையே இருக்கிறது அப்படி ஒண்ணு கிடையாதுன்னு சொல்லத்தானே? அதுக்குத்தானே கைக்குழந்தைக்குத் தண்ணி தெளிக்காம, வளர்ந்தவங்களைத் தொட்டியில இறக்குறோம்? அது இப்போ என்னமோ குலப்பேரு மாதிரி ஆயிடுச்சு. ஜெபம் வேண்டாம், மன்னிக்க வேண்டாம், பக்கத்து வீட்டான் மூஞ்சியைப் பார்க்க வேண்டாம். நம்மாளா, நம்மாளுதான், முடிஞ்சு போச்சு. அப்போ மண்டி போட்டு அழுதவ யாரு? வெளியாளு.

கிராண்டைப் பத்தியா? சொல்லவா? நீங்க வெளியூரு, உங்களுக்குத் தெரிய நியாயம் இல்ல. அவரு ஏற்கெனவே இதே தொட்டியில முழுக்கு எடுத்தவரு. சின்னப் பையனா இருக்கிறப்போ. அந்த நடைவழியில படம் மாட்டியிருக்கு, காது ரெண்டும் விடைச்சுக்கிட்டு, தலை நனைஞ்சு நிப்பாரு. துண்டு பிடிச்சிருக்கிறது அவங்கப்பா.

எங்ககிட்ட ரெண்டாவது முழுக்குங்கிறது சும்மா எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கிற மாதிரி இல்ல தம்பி. ரெண்டாவது தடவை இறங்குறவன், முதல் தடவை நான் நெசமா நம்பலன்னு சபை முன்னாடி சொல்லிட்டுத்தான் இறங்கணும். இத்தனை வருஷம் நான் வெளியிலதான் இருந்தேன்னு. அதைச் சொல்வாரா உங்காளு? பேச்சு எழுதிக் குடுத்திருக்கீங்களே, அதுல இருக்கா? இல்லல்ல? நம்ம மண்ணு, நம்ம ஜனம், நம்ம விசுவாசம்னுதான் இருக்குதாம், பாஸ்டர் சொன்னாரு. பாவிங்கிற வார்த்தை எங்கயாவது இருக்கான்னு தேடினாராம். இல்லையாம்.

சிரிக்காதீங்க. நான் கேலி பண்ணல. அவரு நெசமாவே அதைச் சொல்லிட்டு இறங்கினாருன்னா முதல்ல அழறவ நானாத்தான் இருப்பேன்.

தண்ணி நிறுத்தணுமா? அது தானா நின்னுடும். இன்னும் கொஞ்ச நேரம்.

தண்ணியைப் பத்திச் சொன்னீங்கல்ல, அதுக்கும் ஒரு முறை உண்டு. யாரு இறங்குறாங்களோ அவங்க வீட்டு ஆளுங்கதான் தொட்டியைத் தேய்ச்சுக் கழுவி தண்ணி விடணும். கிராண்ட் வீட்லேருந்து யாரும் வரல, அவங்களுக்கு ஊரு ஊராக் கூட்டம். நான்தான் வந்தேன், பாப்பாவை இடுப்புல வச்சுக்கிட்டு. எங்க கிணத்து மோட்டாரு தெரியாது உங்களுக்கு, ஒண்ணுக்குப் போற மாதிரி விடும். ஒரு பொழுது முழுக்க விட்டாலும் முழங்காலைத் தாண்டாது. நிறைஞ்சு, சூடேறி, இன்னிக்குக் காலையிலதான் கை வச்சா இதமா இருந்துச்சு.

மரிபெல்லுக்கு யாரு சொன்னாங்கன்னா கேட்குறீங்க? நான்தான். வேற யாரு சொல்வாங்க? கம்பெனியில கையுறை மாட்டிக்கிட்டே சொன்னேன். அவ தன் கையுறையையும் மாட்டி முடிச்சுட்டு, பரவாயில்ல ஷெல்பி, நான் பின்னாடி உட்கார்ந்துக்கிறேன், கறிவேலை செய்யற கை நாத்தம் கேமராவுல வந்துடும்னு பயந்துட்டாங்க போலன்னு சிரிச்சா. அந்தச் சிரிப்பு இருக்கே. அவ திட்டியிருந்தாகூட நான் நாளைக்கு வாயை மூடிக்கிட்டு லின்னெட் அக்கா துண்டுல தலை துவட்டியிருப்பேன்.

அதான் இன்னிக்கு மத்தியானம் பாஸ்டர் வீட்டுக்குப் போனேன். கதவைத் தட்டிட்டு நிக்கிறேன், நாக்கு மேல ஒட்டிக்கிச்சு. என்ன ஷெல்பிங்கிறாரு. தண்ணி சூடா இருக்கு பாஸ்டர்னேன். அவ்வளவுதான் வந்துச்சு வாயில. பின்னாடி மரிபெல் நிக்கிறா, கையில துண்டு. பாஸ்டர் அவளைப் பார்த்தாரு, என்னைப் பார்த்தாரு, ரொம்ப நேரம் அவரு செருப்பைப் பார்த்தாரு. அப்புறம் உள்ள போயி, முழுக்குக் குடுக்கிறப்போ நனையாம இருக்க அவரு போட்டுக்கிற அந்த மீன்பிடிக்கிற ரப்பர் கால்சட்டையை எடுத்துட்டு வந்தாரு. அதோ ஆணியில சொட்டிக்கிட்டு இருக்கே, அதேதான். நீங்க வந்ததும் அதைப் பார்த்தீங்க, நான்தான் பேச்சை மாத்தினேன்.

ஆமா தம்பி. எனக்கு முழுக்கு ஆயிடுச்சு. பார்க்க ஆளு யாரு? மரிபெல், பாப்பா, அந்தக் காலி பெஞ்சுங்க. நம்புறியான்னு கேட்டாரு. ஆமான்னு கத்தினேன். பாப்பா பயந்து அழுதுடுச்சு. எழுந்து வந்தேன், கண்ணுல தண்ணி, ஒண்ணும் தெரியல, அந்தத் துண்டு வந்து மூஞ்சியில விழுந்துச்சு. அதுலேருந்து பேசிக்கிட்டே இருக்கேன். நிறுத்த முடியல.

பாஸ்டர் போறப்போ வாசல்ல நின்னு, தண்ணியை நீதானே விட்ட ஷெல்பின்னாரு. ஆமான்னேன். அப்போ நீயே பார்த்துக்கோன்னுட்டு போயிட்டாரு. மூப்பருங்க முன்னாடி ஜன்னலைப் பார்க்கிற மனுஷன், அவரால முடிஞ்சது அவ்வளவு.

பார்த்துக்கிட்டேன். நீங்க காரை நிறுத்துறப்போதான் அடியில இருக்கிற அடைப்பானைப் பிடுங்கினேன். அப்புறம் உங்களை உட்கார வச்சு புட்டிங் குடுத்தேன். அது வடிய நேரமாகுமே, என்ன பண்றது? இப்போ கேளுங்க. சத்தம் நின்னுடுச்சுல்ல?

டிராவிஸ் வேலை பார்க்கிறது கிராண்டோட டிராக்டர் கடையில. தெரியும். அவருகிட்ட இன்னும் சொல்லல. வீட்டுக்குப் போய்த்தான் சொல்லணும், அதுக்கும் சேர்த்து இந்த வாய் தாங்கணும்.

கத்தாதீங்க, பாப்பா எழுந்துடும். ஃபோனெல்லாம் வெளிய போய்ப் பேசுங்க. மோட்டாரை இப்பவே போட்டாலும் நாளைக்கு ஆராதனைக்குள்ள முழங்கால் அளவுதான் வரும், அதுவும் பச்சைத் தண்ணியா. கிராண்டுக்கு ஒண்ணு சொல்லிடுங்க. அவருக்கு நெசமா வேணும்னா சபைக்குப் பின்னாடி ஓடை இருக்கு. குளிரும், ஆனா ஆழம் இருக்கு. கேமரா இல்லாம வரட்டும். அவங்கப்பா இப்போ இல்ல, துண்டு பிடிக்க யாரும் இல்லைன்னா நான் வந்து நிக்கிறேன்.

போய்ப் பாருங்க, போங்க. படி ஈரமா இருக்கும், வழுக்கும். கைப்பிடியில ஒரு பச்சைத் துண்டு தொங்கும், அதை மட்டும் தொடாதீங்க. மரிபெல்லோடது. காயட்டும்.