மாமா போட்ட பூட்டு

…சிரிக்காதீங்க தம்பி! கம்ப்யூட்டர் ரிப்பேருக்குன்னு கூப்பிட்டா, வந்ததும் வராததுமா சிரிக்கிறீங்களே! நான் சம்பாதிச்சு வாங்கின கம்ப்யூட்டர், என்னையே பார்த்து "இன்றைய நேரம் முடிந்தது"ங்குது! அஞ்சு மணிக்குள்ள பில்டருக்கு சமையலறை டிராயிங் போகணும். போகலேன்னா வேலையை வேற ஆளுக்குக் குடுத்துடுவாராம். எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல.

எல்லாம் எங்க மாமனார் வேலை! ரிடையர் ஆனதுலேருந்து இதே கம்ப்யூட்டர்ல சீட்டாட்டம், சீட்டாட்டம்… ஜோக்கர் வந்தா ஒரு கத்தல் பாருங்க, பக்கத்து வீட்டு நாய் குரைக்கும்! சரின்னு அவருக்குத் தனி அக்கவுண்ட் போட்டு, ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான்னு கட்டிப் போட்டேன். தப்பா? சொல்லுங்க, தப்பா?

மனுஷர் சும்மா இருந்தாரா? ஆன்லைன்ல கூட ஆடுற எவனோ ஒரு புரோகிராம் அனுப்பியிருக்கான். ஒரு தட்டு தட்டினாராம், அவ்வளவுதான். கம்ப்யூட்டருக்கு மாமா முதலாளி, நான் கூலி! இப்ப எனக்கு ஒரு மணி நேரமாம். கேட்டா, "கண்ணு கெட்டுடும்மா"ங்கிறார். என் வசனம் தம்பி, அப்படியே என் வசனம்!

என்ன? பாஸ்வேர்டைத் திருடலையா? கிராபிக்ஸ் கார்டு டிரைவர்ல இருந்த ஓட்டை வழியா அந்தப் புரோகிராம் நுழைஞ்சுதா? அட, திரையில படம் காட்டுறதுக்குன்னு வெச்ச ஆளு, வீட்டுச் சாவிக்கொத்தை எதுக்குய்யா இடுப்புல சொருகிக்கிட்டிருக்கான்? அவனை ஏமாத்தினா யாரு வேணா முதலாளி ஆகலாமா? நல்லா செஞ்சாங்க போங்க! அந்தக் கம்பெனிக்காரனை நிக்க வெச்சு நாலு கேள்வி கேக்கணும். ஓட்டைன்னு தெரிஞ்சா அடைக்க வேணாமா?

அடைச்சுட்டானா? எப்போ?… மூணு மாசமா அப்டேட் வந்து நிக்குதா?… ஓ. திரை மூலையில எட்டி எட்டிப் பாக்குமே, அந்த நீலக் கட்டமா? அது வந்து… டிராயிங் பாதியில இருக்கும்போது ரீஸ்டார்ட் பண்ணுன்னா எவ பண்ணுவா? "பிறகு"ன்னு தட்டிவிட்டேன். தினமும்தான் தட்டிவிட்டேன். ஐயோ, மெதுவா பேசுங்க, உள்ள மாமா இருக்கார்!

சரி, இப்பவே அப்டேட் போட்டு அடைச்சுடுங்க… அதுக்கும் முதலாளி பாஸ்வேர்டு வேணுமா?

மாமா! கதவைத் திறங்க மாமா! இனிமே ரெண்டு மணி நேரம் ஆடிக்கோங்க… சரி, மூணு! என்ன, எல்லாம் காதுல விழுந்துச்சா? ஆமா மாமா, அப்டேட்டைத் தட்டிவிட்டது நான்தான், போதுமா? இன்னும் சத்தமாவா? எதுக்கு?… போன்ல உங்க பிள்ளையா! எப்போலேருந்து கேக்கிறார்?… முதல்லேருந்தேவா!

நல்லா இருக்கு! முதல்ல பாஸ்வேர்டைப் போடுங்க மாமா, பில்டர் கூப்பிட்டுக்கிட்டே இருக்கார். அப்புறம் அப்பாவும் பிள்ளையும் ஆற அமர உக்காந்து சிரிங்க.