சோலைராஜ் மில்லின் பஞ்சுக் கிட்டங்கி

ஸ்ரீவில்லிபுத்தூரில் லாட்ஜ் எடுத்துத் தங்கி, ராஜபாளையத்துக்குப் பஸ்ஸில் போய்வருவதுதான் எனக்குப் பிடிக்கும். வேலை பார்க்கிற ஊரிலேயே தங்கினால் ஆட்கள் பழகிவிடுவார்கள். பழகிவிட்டால் சரியான ஆலோசனை சொல்ல முடியாது ஐயா.

என் தொழில் அதுதான். ஒரு மில்லுக்குள் போய், எது வீண் வேலை, எதை மாற்றலாம் என்று பார்த்து முதலாளிக்குச் சொல்வேன். தொண்ணூற்றிரண்டில் சோலைராஜ் தன் நூல் மில்லுக்குக் கூப்பிட்டார். அங்கே பஞ்சு பேல்களை அடுக்கிவைக்கும் கிட்டங்கியில் பெண்கள் உட்கார்ந்து கையால் தூசி பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். மெஷின் வாங்கினால் அந்த வேலையே வேண்டாம்.

அவர்களில் மூத்தவள் சீனியம்மாள். பக்கத்தில் நின்று கவனித்தபோது என் கண்ணில் பஞ்சு விழுந்தது. "கசக்காதீக சார், செத்த நேரம் நில்லுங்க," என்று முந்தானையைச் சுருட்டி, ஊதிச் சூடாக்கி ஒத்தி எடுத்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "எங்கள அனுப்பிருவீகளா?"

"ஒருத்தரையும் அனுப்ப மாட்டாங்கம்மா," என்றேன். மாற்றம் வருவதற்கு முன்னால் ஆட்களைக் கலங்க விடக்கூடாது.

சோலைராஜ் என் யோசனையைப் பொறுமையாகக் கேட்டார். "சரிதான் ஞானதுரை. ஆனா அவிய எங்கப்பா காலத்து ஆளுக. நான் எந்த வாயால போகச் சொல்லுவேன்?"

நல்ல மனிதர்களிடம் இதுதான் சிக்கல். முடிவை அவர்களால் எடுக்க முடியாது. வேறு யாராவது எடுத்துக் கொடுக்க வேண்டும். கிட்டங்கியே இல்லாமல் போனால் யாரும் யாரையும் போகச் சொல்ல வேண்டியதில்லை.

சாப்பாட்டு நேரத்தில் பெண்கள் கேண்டீனுக்குப் போனதும் உள்ளே போய்த் தீக்குச்சியைக் கிழித்துப் போட்டேன். பஞ்சு சத்தமில்லாமல் பற்றும்.

சீனியம்மாளுக்கு அன்று காய்ச்சலாம். பேல்களுக்குப் பின்னால் படுத்திருந்தாளாம். எனக்குப் பிறகுதான் தெரியும். புகையைப் பார்த்துக் கூட்டம் ஓடிவந்தபோது முதலில் போய்க் கதவைத் திறந்தவன் நான்தான். கை கொப்பளித்துவிட்டது. அவள் பிழைக்கவில்லை. அவள் மகள் ரத்தினம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "எங்கம்மாவுக்காக எம்புட்டுப் பாடுபட்டீக சார்." மின்கசிவு என்று கேஸை முடித்தார்கள். மெஷின் வந்தது. நன்றாகவே ஓடுகிறது.

பஞ்சுத் தூசியிலேயே கிடந்தவர்களுக்கு ஒரு வறட்டு இருமல் உண்டு; சீனியம்மாளுக்கும் இருந்தது. அதற்குப் பிறகு நான் போன மில்லிலெல்லாம் அது கேட்டது. பஞ்சே இல்லாத பீரோ கம்பெனியில் கேட்டது. லாட்ஜ் குளியலறையில் தண்ணீரை நிறுத்தினால் கேட்கும். போன வாரம் பஸ்ஸில் என் பின் சீட்டில் இருமிவிட்டு, "சார்" என்றாள். திரும்பினேன். சீட்டு காலி. அதனால்தான் மந்திரித்துக்கொள்ள உங்களிடம் வந்தேன்.

பிறகுதான் தெரியும் என்றேனே, அது முழுக்கச் சரியில்லை. தீ பிடித்ததும் உள்ளே இருமல் கேட்டது. "யாரு, சாரா? செத்த இருங்க, நானும் வாரேன்," என்றாள். நான் வெளியே வந்து கதவை இழுத்துத் தாழ்ப்பாள் போட்டேன். திறந்து கிடந்தால் காற்றுப் பட்டுத் தீ அடுத்த ஹாலுக்குப் போகும். அங்கே ஆட்கள் இருந்தார்கள். எந்த மில்லுக்குப் போனாலும் தொழிலாளர்களின் பாதுகாப்பைத்தான் நான் முதலில் பார்ப்பேன் ஐயா.